தேர்வு எழுத வேண்டியவர் யார்? மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்ற நாடுகளின் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடுகளின் சார்பில் நீங்கள் ஆண்டுதோறும் கூடி, அது எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று விவாதிக்கிறீர்கள். அந்த உடன்படிக்கையின் 50 பிரிவுகளில் 19-ஆம் பிரிவைப் பற்றி மட்டுமே இந்த மடலில் பேச விரும்புகிறேன். மாற்றுத்திறனாளி ஒருவர் எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதை மற்ற எவரையும் போலத் தாமே முடிவுசெய்யலாம்; இந்த இடத்தில்தான் வாழ்ந்தாக வேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது; ஊரோடு சேர்ந்து வாழ அவருக்கு எந்த உதவி தேவையோ அதை அரசு கிடைக்கச் செய்ய வேண்டும். அந்தப் பிரிவின் சாரம் இவ்வளவுதான். ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று இதை ஏற்றது. 2008 மே 3 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இன்றுவரை 190-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்று உறுதிசெய்திருக்கின்றன. கையெழுத்துக்குக் குறைவில்லை.

இதை எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான காப்பகம் ஒன்றில் 14 ஆண்டுகள் பதிவேட்டு எழுத்தராக வேலை பார்த்தவன் நான். அங்கே யாரையும் அடித்ததில்லை, யாருடைய உணவையும் பறித்ததில்லை. படிவங்களை நிரப்பினேன். அந்தப் படிவங்கள் என்ன செய்தன என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது. ஆகவே இதைக் குற்றச்சாட்டாக மட்டும் வாசிக்க வேண்டாம். இதில் ஒரு பங்கு என்னுடைய வாக்குமூலமும்தான்.

நான் நிரப்பிய படிவங்களில் ஆண்டுக்கு ஒருமுறை வருவது 'வெளிவாழ்வுத் தகுதி மதிப்பீடு'. காப்பகத்தில் இருப்பவர் வெளியே சென்று வாழத் தயாராக இருக்கிறாரா என்பதைக் கண்டறிவது அதன் நோக்கம். தானே குளிக்கிறாரா, பணத்தை எண்ணத் தெரியுமா, வேளை தவறாமல் மருந்து எடுத்துக்கொள்கிறாரா என்று கேள்விகள் வரிசையாக நீளும். அவற்றில் ஒன்று, 'அடுப்பைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியுமா?' என்பது. எங்கள் காப்பகத்தின் சமையலறை வாசலில் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். அங்கே வசிப்பவர் எவரும் அதைத் தாண்டக் கூடாது என்பது விதி. அறிவுசார் மாற்றுத்திறன் கொண்ட ஒரு பெண்மணிக்கு அந்தக் கேள்விக்கு நேரே ஒன்பது ஆண்டுகள் நான் 'இல்லை' என்று எழுதினேன். பத்தாவது ஆண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், என் பேனா அந்த வரிக்கு வந்ததும், "உள்ளே விட்டால்தானே சார் தெரியும்?" என்று கேட்டார். அந்தப் பதிலை எழுத அங்கே கட்டம் இல்லை. மேலதிகாரியிடம் சொன்னேன். 'குறிப்புகள்' பகுதியில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

என் கோரிக்கை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது. 19-ஆம் பிரிவு பெரும்பாலான நாடுகளில் ஏட்டோடு நின்றுபோனதற்குப் பல காரணங்களைச் சொல்கிறார்கள்: பணம் போதவில்லை, ஆள் போதவில்லை, சமூகம் இன்னும் பக்குவப்படவில்லை. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது, தேர்வு எழுத வேண்டியவர் யார் என்பதில் நாம் செய்துவைத்திருக்கும் தலைகீழ் ஏற்பாடு. உரிமையைக் கையில் வைத்திருப்பவரைத் தேர்வுக்கு உட்காரவைத்துவிட்டு, கடமையைத் தலையில் வைத்திருக்கும் அரசு மேற்பார்வையாளர் நாற்காலியில் அமர்ந்துகொள்கிறது. உலகத்தில் வேறு எவரும் தமக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காகச் சமைக்கத் தெரியும் என்று நிரூபித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சமைக்கவே தெரியாத, கணக்குவழக்குப் பார்க்கவே தெரியாத, சட்டையைத் தேய்க்கக்கூடத் தெரியாத எத்தனையோ பெரிய மனிதர்கள் சொந்த வீட்டில் நிம்மதியாக வாழ்கிறார்கள்; அவர்களுக்காக அதைச் செய்ய யாரோ ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தத் தகுதி மதிப்பீடு எவ்வளவு பிழைபடும் என்பதற்கு எட் ராபர்ட்ஸின் வாழ்க்கையை நினைவூட்டலாம். 14 வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே உடல் அசைவை ஏறக்குறைய முழுவதுமாக இழந்தவர் அவர். மூச்சு விடுவதற்கு இரும்பு நுரையீரல் எந்திரம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறை, இவர் வேலைக்குச் செல்லும் வாய்ப்பே இல்லை என்று முடிவுகட்டி உதவி மறுத்தது. அவர் போராடி பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1972-இல் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சுதந்திர வாழ்வு மையம் அங்கே உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1975-இல் தமக்கு உதவி மறுத்த அதே துறைக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டார். மதிப்பீடு செய்யப்பட்ட நாளுக்கும் நியமன நாளுக்கும் இடையில் அவர் கைகால்களுக்கு அசைவு வந்துவிடவில்லை. தமக்கு எந்த உதவி, எப்போது, யாரிடமிருந்து என்பதைத் தாமே முடிவுசெய்யும் நிலை வந்தது. (இயக்குநர் ஆகாத, ஆகவும் விரும்பாத மற்றவர்களுக்கும் இதே உரிமை உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். சாதித்தவர்களை மட்டும் எடுத்துக்காட்டுவதும் ஒருவகைத் தகுதித் தேர்வுதான்.)

தேர்வில் தேறியவர்களையாவது வெளியே விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில மனநல மருத்துவமனையில் இருந்த லோயிஸ் கர்ட்டிஸ் வெளியே வாழலாம் என்று அவருக்குச் சிகிச்சையளித்தவர்களே 1993-இல் ஒப்புக்கொண்டார்கள். 1996 வரை அவர் உள்ளேயேதான் இருந்தார். அவரும் எலெய்ன் வில்சனும் தொடுத்த வழக்கில்தான் 1999 ஜூன் 22 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தேவையின்றி ஒருவரை மருத்துவமனை, காப்பகம் போன்ற நிறுவனத்தில் பிரித்துவைப்பது 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி பாகுபாடு ஆகும் என்று தீர்ப்பளித்தது. ஓம்ஸ்டெட் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். மகத்தான தீர்ப்புதான், ஆனால் அதிலும் மூன்று நிபந்தனைகள் இருந்தன. சம்பந்தப்பட்டவர் எதிர்க்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று, அது நியாயமானது. அரசின் சிகிச்சை வல்லுநர்கள் இது பொருத்தம் என்று கருத வேண்டும், அரசிடம் உள்ள வளங்களைக் கணக்கில் கொண்டு நியாயமான அளவில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பவை மற்ற இரண்டு. இவற்றின் வழியாகத்தான் படிவமும் காத்திருப்போர் பட்டியலும் மீண்டும் உள்ளே நுழைந்தன.

அதன் பின் நடந்தது அமலாக்கம் என்ற சொல்லின் பொருளை விளக்குகிறது. தீர்ப்பு வந்து 11 ஆண்டுகள் கழித்து, 2010-இல், அதே ஜார்ஜியா மாநிலத்தோடு மத்திய அரசின் நீதி அமைச்சகம் ஒரு தனி உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. வளர்ச்சிசார் மாற்றுத்திறன் கொண்டவர்களை மாநில மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்ப்பதை 2011 நடுவில் நிறுத்த வேண்டும், ஏற்கெனவே உள்ளவர்களை 2015 நடுவுக்குள் வெளியே குடியமர்த்த வேண்டும், இவற்றைச் சுதந்திரமான ஒரு கண்காணிப்பாளர் சரிபார்க்க வேண்டும் என்று அந்த உடன்பாட்டில் எழுதப்பட்டது. கெடுவுக்குள் எல்லாம் முடியவில்லை. 2016-இல் உடன்பாட்டை நீட்டித்தார்கள். ஆயினும் உச்ச நீதிமன்றத்தின் சொல் தானாகச் செய்யாத வேலையை நாள், எண்ணிக்கை, வெளியிலிருந்து வந்து பார்க்கும் ஒரு ஜோடிக் கண் ஆகிய மூன்றும் சேர்ந்து நகர்த்தத் தொடங்கின. உங்கள் நாடுகள் உங்கள் கூட்டத்தில் தாக்கல் செய்யும் அறிக்கைகளில் நான் தேடுவது இந்த மூன்றைத்தான். கொள்கை, தொலைநோக்கு, விழிப்புணர்வு, பயிலரங்கு எல்லாம் தென்படுகின்றன. நாளும் எண்ணிக்கையும் அரிதாகவே தென்படுகின்றன.

'இது படிப்படியாக நிறைவேற்ற வேண்டிய உரிமை, எங்களுக்குக் கால அவகாசம் தேவை' என்று நீங்கள் சொல்லக்கூடும். உடன்படிக்கையின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2017-இல் வெளியிட்ட 5-ஆம் எண் பொதுக் கருத்துரையில் இதற்கு விடை இருக்கிறது. எங்கே, யாரோடு, எப்படி வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை குடியியல் உரிமை. அது உடனே செல்லுபடியாகும், தவணை முறையில் தருவதற்கு உரியதல்ல. உதவிச் சேவைகளை விரிவாக்கும் கடமைதான் படிப்படியானது. அதிலும், தொடங்குவதற்கும் திட்டமிடுவதற்கும் அவகாசம் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து, பின்னதற்கு உள்ள அவகாசத்தை முன்னதற்கும் எடுத்துக்கொள்வதுதான் நம் துறைகள் பழகிப்போன வித்தை. ஒருவர் 'எனக்கு இங்கே இருக்க விருப்பமில்லை' என்று சொன்ன நாளிலேயே அரசின் கடமை தொடங்கிவிடுகிறது. 'உங்களை அனுப்ப வெளியே வசதி இல்லை' என்ற பதில் அரசின் பற்றாக்குறையைக் கூறுகிறது; அந்தப் பற்றாக்குறைக்கான சிறைவாசத்தை அனுபவிப்பவர் அவர்.

இந்த நியாயத்தைச் சட்டமாகவே எழுதிய நாடுகள் உண்டு. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, தங்க வீடில்லை, வெளியே சமூகம் சார்ந்த வசதிகள் இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் எவரையும் மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது. அரசின் குறையை அந்த மனிதரின் தகுதிக் குறையாக மாற்றி எழுதக் கூடாது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. ஸ்வீடன் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தனிநபர் உதவியாளரைப் பெறுவதை 1994 முதல் சட்ட உரிமையாக்கியது. 1997-இல் இயற்றிய வேறொரு சட்டத்தின் மூலம், அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய பராமரிப்பு இல்லங்களை 1999 முடிவுக்குள் மூட வேண்டும் என்று நாள் குறித்தது. உதவிக்கு முதலில் சட்டம், மூடுவதற்குப் பிறகு சட்டம். இந்த வரிசைக்கு நான் மீண்டும் வருவேன்.

உள்ளே இருப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'எங்கள் நிறுவனங்கள் பழைய காலத்தவை போல இல்லை, தூய்மையாக இருக்கின்றன' என்பது நான் பலமுறை கேட்ட பதில். பல்கேரியாவில் ருசி ஸ்டானெவ் என்பவரை, அவருக்காக முடிவெடுக்க நியமிக்கப்பட்ட, ஆனால் அவரைச் சந்தித்துக்கூட இராத ஒரு சட்டப் பாதுகாவலர் 2002-இல் தொலைதூர மலைப்பகுதி இல்லம் ஒன்றில் சேர்த்தார். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2012 ஜனவரி 17 அன்று அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோது, சட்டவிரோதமாகச் சுதந்திரம் பறிக்கப்பட்டதையும் இழிவாக நடத்தப்பட்டதையும் உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பில், போதாத உணவு, குளிர், பாழடைந்த கழிப்பறை ஆகியவற்றோடு இன்னொன்றையும் நீதிபதிகள் குறித்திருக்கிறார்கள்: துவைத்த துணிகள் அவரவருக்குத் திரும்பிச் செல்லவில்லை. இன்று நீங்கள் உடுத்தும் சட்டை நாளை இன்னொருவருக்கு, அவருடையது உங்களுக்கு. எங்கள் காப்பகம் தூய்மையான இடம்தான். துணிகள் வெந்நீரில் துவைக்கப்பட்டு, காய்ந்து, அளவுவாரியாக அடுக்கப்பட்டன. ஒருவருடைய நீலச் சட்டை எது என்று கேட்டால், துணிக்கிடங்கு ஊழியருக்கு அந்தக் கேள்வியே விளங்காது.

ஐந்தாம் பொதுக் கருத்துரை நிறுவனத்தைக் கட்டடத்தின் அளவைக் கொண்டு வரையறுக்காமல் விட்டது இதனால்தான். உதவியாளரை மற்றவர்களோடு கட்டாயமாகப் பங்கிட வேண்டியிருப்பது, யார் உதவுவது என்பதில் உங்களுக்குச் சொல் இல்லாமலிருப்பது, உங்கள் விருப்பம் எதுவாக இருந்தாலும் மாறாத அன்றாட ஒழுங்கு, எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே செயலைச் செய்வது ஆகியவை எங்கே இருக்கின்றனவோ அது நிறுவனம். அங்கே ஆறு பேர் இருந்தாலும் அறுநூறு பேர் இருந்தாலும். எங்கள் காப்பகத்தையும் ஒரு கட்டத்தில் 'சீர்திருத்தினார்கள்'. பெரிய கூடத்தை மூன்று சிறு இல்லங்களாகப் பிரித்து, வாசலில் பூந்தொட்டி வைத்து, பெயர்ப்பலகையில் 'குடும்பச் சூழல்' என்று எழுதினார்கள். விளக்கணைக்கும் நேரம் எட்டரை மணியாகவே இருந்தது. மூன்று சமையலறை வாசல்களிலும் மஞ்சள் கோடு புதிதாகப் போடப்பட்டது. அதற்கான நிதி எந்தத் தலைப்பில் வந்தது என்பது எனக்குத் தெரியும், பதிவேட்டில் எழுதியவன் நான்தானே: 'சமூக வாழ்வு மேம்பாடு'.

ஆகவே ஒரு நாடு தன் அறிக்கையில் 'சமூகம் சார்ந்த இல்லங்கள் இத்தனை திறந்தோம்' என்று எழுதினால், அங்கே வசிப்பவரிடம் வீட்டுச் சாவி இருக்கிறதா, ஓர் உதவியாளரைப் பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்ல முடியுமா, இரவு பத்து மணிக்கு வெளியே போய்வர முடியுமா என்று கேளுங்கள். இந்தச் சிறு கேள்விகள் ஒரு தணிக்கை அறிக்கையைவிட அதிகம் சொல்லும்.

இனி, என் பக்கத்து வாதத்துக்கு மிகவும் சங்கடம் தரும் நிகழ்வுக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் 2015-16-இல், மனநலப் பராமரிப்பு நிறுவனங்களை நடத்திவந்த லைஃப் எசிடிமெனி என்ற அமைப்போடு இருந்த ஒப்பந்தத்தைச் சுகாதாரத் துறை முறித்துக்கொண்டது. அங்கே இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவசர அவசரமாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். சமூக வாழ்வு, நிறுவன நீக்கம் (நிறுவனங்களை மூடி, அங்கே இருப்பவர்களை ஊரோடு வாழவைப்பது) என்ற சொற்களைத்தான் அதற்கும் பயன்படுத்தினார்கள். 144 பேர் இறந்துபோனார்கள். சென்ற இடங்களில் பல முறையான உரிமம் பெறாத தொண்டு நிறுவனங்கள். உணவுக்கும் மருந்துக்கும் அங்கே வழியில்லை. பலருடைய குடும்பத்தினருக்குத் தங்கள் உறவினர் எங்கே கொண்டுபோகப்பட்டார் என்றே தெரியவில்லை. முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே நடத்திய நடுவர் விசாரணை, 2018-இல் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

நிறுவனங்களை மூடக் கூடாது என்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அவர்கள் அச்சத்தை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன என்று கவனிக்க வேண்டும். அவர்களில் எவரும் தமக்கென ஒரு வீட்டுக்குப் போகவில்லை. பெரிய நிறுவனத்திலிருந்து கேடான சிறு நிறுவனங்களுக்கு வண்டியேற்றப்பட்டார்கள். எங்கே போக விரும்புகிறீர்கள் என்று கேட்கப்படவில்லை. உதவி முன்னால் போகவில்லை, பணமும் பின்னால் வரவில்லை. செலவைக் குறைப்பதற்கு உரிமையின் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஸ்வீடனின் வரிசையைப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான். வெளியே உதவி முதலில் நிற்க வேண்டும். உள்ளே புதிய சேர்க்கை அதே நாளில் நிற்க வேண்டும். இருப்பவர்கள் ஒவ்வொருவராக, தாம் தேர்ந்த இடத்துக்கு, தேர்ந்த ஆளின் துணையோடு போக வேண்டும். கடைசி ஆள் போன பிறகே கட்டடத்தின் கணக்கை முடிக்க வேண்டும். இதில் எந்த ஒன்றை முன்பின்னாக மாற்றினாலும் உயிர் போகும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. மாற்றக் காலத்தில் நிறுவனத்துக்கும் வெளியுதவிக்குமாக இரட்டைச் செலவு ஆகும் என்பது உண்மை. அதை மறைப்பவர்கள் பின்னால் அவமானப்படுவார்கள். அந்தச் செலவைத் தாங்க முடியாமல் செய்வது எது என்றால், மூடப்போகும் கட்டடத்தின் மேல் தொடர்ந்து கொட்டப்படும் பணம்தான். புதிய தளம், புதிய கூரை, புதிய பிரிவு என்று ஒருமுறை கட்டிவிட்டால், அதை நிரப்பி வைத்திருப்பதற்கு அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. உடன்படிக்கைக் குழு 2022-இல் வெளியிட்ட நிறுவன நீக்க வழிகாட்டுதல்கள், புதுப்பிப்பு வேலை உட்பட, நிறுவனங்களில் முதலீடு செய்யக் கூடாது என்று சொல்வது இதனால்தான். வெளிநாட்டு உதவியும் இதில் அடங்கும். உங்களில் சிலருடைய நாடுகள் தங்கள் ஊரில் மூடிய வகைக் கட்டடத்தை, நல்லெண்ணத்தோடு, இன்னொரு நாட்டில் கட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஊழியர்களைப் பற்றியும் ஒரு சொல். காப்பகம் மூடினால் எங்கள் பிழைப்பு என்னாவது என்ற கேள்வியை அங்கே சாப்பாட்டு வேளையில் நாங்களே பேசியிருக்கிறோம். நியாயமான கேள்வி. எங்களில் பலருக்கு இந்த வேலையைப் பிடித்திருந்தது. அங்கே இருந்தவர்களையும் பிடித்திருந்தது. அவர்களில் சிலர் பயிற்சி பெற்று நல்ல தனிநபர் உதவியாளர்கள் ஆவார்கள். சிலர் ஆக மாட்டார்கள், ஏனெனில் கட்டளையிடுவதற்கும் கட்டளைப்படி உதவுவதற்கும் இடையில் உள்ள தூரம் எல்லோராலும் கடக்கக்கூடியது அல்ல. இதற்கும் திட்டம் வேண்டும். இல்லையென்றால் மூடுவதை எதிர்க்கும் முதல் ஆள் ஊழியராகத்தான் இருப்பார்.

பெற்றோரின் கேள்வி இதைவிடக் கனமானது. "எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள்?" பதிவேட்டில் சேர்க்கைக் கையெழுத்து வாங்கும்போது இதைக் கேட்காத தாயை நான் பார்த்ததில்லை. அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று பேசும் ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருபது ஆண்டுகள் தனியாகச் சுமந்து, இடுப்பொடிந்து, உதவி என்று கேட்ட இடத்திலெல்லாம் காப்பகத்தின் முகவரியை மட்டுமே பெற்றவர்கள் அவர்கள். ஒரே ஒரு கதவு திறந்திருக்கும் தாழ்வாரத்தில் நடப்பவரிடம், 'நீங்களே தேர்ந்தெடுத்த கதவுதானே' என்று சொல்வது அறமாகாது. அந்தத் தாய்க்குத் தேவையான பதில் ஒரு சட்டப் புத்தகத்தில் இருக்க வேண்டும்: மாதத்துக்கு இத்தனை மணி நேர உதவி உங்கள் மகளுக்கு உரியது, நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது அவள் எங்கே குடிபோனாலும் கூடவே வரும், மறுத்தால் முறையிட இந்த இடம் இருக்கிறது என்று. உதவி கட்டடத்தோடு ஒட்டியிருக்கும்வரை பெற்றோர் கட்டடத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

சட்டத்தகுதியை, அதாவது தம் முடிவைத் தாமே எடுத்துக் கையெழுத்திடும் உரிமையை, பேசும் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவை இதோடு சேர்த்தே செயல்படுத்த வேண்டும். ஸ்டானெவுக்கு நேர்ந்ததை மீண்டும் எண்ணிப் பாருங்கள்: ஒருவருடைய கையெழுத்துக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திடலாம் என்று சட்டம் இருக்கும்வரை, 'அவர் சம்மதத்தோடுதான் இங்கே இருக்கிறார்' என்ற வரி எல்லாக் கோப்புகளிலும் இருக்கும். எங்கள் கோப்புகள் எல்லாவற்றிலும் இருந்தது. சம்மதித்தவரின் கையெழுத்து ஏறக்குறைய எதிலும் இல்லை.

இத்தாலியின் திரியெஸ்தே நகர மனநலக் காப்பகத்தில் 1973-இல் நடந்த ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அதன் இயக்குநரான பிராங்கோ பசாலியா கதவுகளைத் திறந்துவிட முனைந்திருந்த காலம். உள்ளே இருந்தவர்களும் கலைஞர்களும் சேர்ந்து, மரத்தாலும் காகிதக் கூழாலும் மிகப் பெரிய நீலக் குதிரை ஒன்றைச் செய்தார்கள். அந்தக் காப்பகத்தில் அழுக்குத்துணி வண்டியை இழுத்துவந்த நிஜக் குதிரையின் நினைவாக அதற்கு மார்கோ கவால்லோ என்று பெயர். ஊர்வலமாக வெளியே கொண்டுபோகும் நாளில் குதிரை வாசலுக்குள் நுழையவில்லை. குதிரையை அறுத்துச் சிறிதாக்கவில்லை, வாசலை உடைத்தார்கள். ஐந்தாண்டுகளில், 1978-இல், புதிய மனநலக் காப்பகங்களைக் கட்டுவதைத் தடைசெய்து, பழையவற்றைப் படிப்படியாக மூடச் சொன்ன 180-ஆம் எண் சட்டம் அந்நாட்டில் வந்தது. அதன் பிறகு பல வட்டாரங்களில் வெளியுதவி மெதுவாகவே வளர்ந்தது என்பதும், குடும்பங்கள் சிரமப்பட்டன என்பதும் உண்மை. அதையும் சேர்த்தே அந்த நாட்டிடமிருந்து நாம் கற்க வேண்டும்.

எனவே உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கைகள் குறைவு. உங்கள் நாட்டில் இன்று எத்தனை பேர் நிறுவனங்களில் வாழ்கிறார்கள் என்ற எண்ணிக்கையோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், மதம் சார்ந்த காப்பகம், தனியார் விடுதி என்று பெயர் எதுவாக இருந்தாலும் விட்டுவிடாமல் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில், அது இல்லாமல் போகும் நாளையும், அதுவரை ஆண்டுக்கு எவ்வளவு குறையும் என்பதையும், அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் எந்த வரியில் எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். புதிய சேர்க்கையை நிறுத்தும் நாளைத் தனியாக எழுதுங்கள். அது மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியதாக இருக்கட்டும். உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு கேட்கும் சுதந்திரமான கண்காணிப்பு அமைப்புக்கு, முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நிறுவனத்துக்குள்ளும் நுழைந்து எவரோடும் தனியாகப் பேசும் அதிகாரத்தைக் கொடுங்கள். அந்த அமைப்பில் நிறுவனங்களில் வாழ்ந்து வெளியே வந்தவர்கள் சம்பளத்தோடு உட்காரட்டும், விருந்தினர்களாக வேண்டாம். தனிநபர் முறையீட்டுக்கு வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் இன்னும் சேராத நாடுகள் சேரட்டும். உள்ளே கழிந்த ஆண்டுகளுக்கு மன்னிப்பும் இழப்பீடும் கேட்கும் உரிமையை 2022 வழிகாட்டுதல்கள் ஏற்கெனவே பேசிவிட்டன; அதை யார் வழங்குவது என்று உங்கள் சட்டம் சொல்லட்டும்.

கடைசியாக, தகுதி மதிப்பீட்டுப் படிவத்தை ஒழித்துவிடச் சொல்லவில்லை. அதைத் திருப்பிவிடச் சொல்கிறேன். மேலே காப்பகவாசியின் பெயர் இருக்கும் இடத்தில் துறையின் பெயரை எழுதுங்கள். இந்த மனிதர் கேட்கும் உதவியாளர் தயாரா, வீடு தயாரா, அங்கே போக வண்டி தயாரா, ஒவ்வொன்றும் இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் தயாராகும் என்று கேளுங்கள். தேறாத துறைக்கு என்ன விளைவு என்பதையும் அதிலேயே அச்சிடுங்கள். இத்தனை காலம் தேறாதவர்களுக்கு என்ன விளைவு என்பது மிகத் துல்லியமாகவே வரையறுக்கப்பட்டிருந்தது.

நான் சொன்ன பெண்மணி இப்போது வெளியே வாழ்கிறார். இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் மூலம் அவர் கொடுத்த முறையீட்டால் அது நடந்தது. எங்கள் மதிப்பீட்டில் அவர் கடைசிவரை தேறவில்லை. ஒரு வாடகை வீடு, நாளுக்குச் சில மணி நேரம் வந்துபோகும் ஓர் உதவியாளர். ஒருநாள் பார்க்கச் சென்றபோது அடுப்பில் தண்ணீர் வற்றி ஒரு பாத்திரம் கருகிப்போயிருந்தது. உள்ளே நடந்திருந்தால் நான் மூன்று பிரதிகளில் சம்பவ அறிக்கை எழுதியிருப்பேன், அது அடுத்த ஐந்து மதிப்பீடுகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அவர் சன்னலைத் திறந்துவிட்டு, பாத்திரத்தை ஊறவைத்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் எண்ணிக்கையையும் தேதியையும் எதிர்பார்த்து,

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பதிவேட்டு எழுத்தர்